முருங்கை இலையில் புகையிலை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. போன மாதம் சாரலில் நனைந்துகொண்டே ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பழக்கடை முன்னால் நின்றேன். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் எல்லாவற்றுக்கும் மேலே 'நூறு சதவீதம் ஆர்கானிக்' என்று ஒரு அட்டை தொங்கியது. "சான்று எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மலையில வெளையுதுல்லா அண்ணாச்சி? மலைக்கு எவன் மருந்தடிக்கான்?" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "ரிட்டையர் ஆனது ஊருக்கெல்லாம் தெரியும், ஒங்க வாய்க்கு மட்டும் தெரியாது" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் விளைந்த பொருள்தானா என்று பார்த்துச் சான்று தருகிற அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த வேலையில் இருக்கிற பிள்ளைகள் டேப்லெட்டோடு தோட்டத்துக்குப் போகிறார்கள். நாலு மூலையிலும் நின்று போட்டோ எடுத்தால் அதுவே இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. அவர்கள்தான், "சார், ஒங்க காலத்துல திருட்டுத்தனத்தை எல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சிய? எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அப்படிக் கண்டுபிடித்த கதைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றை நேரில் வந்தால் சொல்கிறேன், டீ வாங்கித் தந்தால் இன்னும் விரிவாகச் சொல்கிறேன். நான் எழுத நினைப்பது, என் கண் முன்னால் இருந்தும் நான் பார்க்கத் தவறிய ஒன்றைப் பற்றி.

விவசாய டிப்ளமோ, கொஞ்ச காலம் விதைச் சான்று, பிறகு மாற்றலாகி இந்த வேலை. படித்ததைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலை கற்றுக்கொண்டது சுலோச்சனா மேடத்திடம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், எனக்கு மேலதிகாரி. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "பாக்கலாமுங்க" என்பார். அவர் 'பாக்கலாமுங்க' என்று சொல்லிவிட்டால் விவசாயிக்கு அந்த வருஷம் சான்று கிடையாது என்று அர்த்தம். இது தெரியாமல் சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

தோட்டத்தில் அவர் நடக்கிற விதமே வேறு. நான் எல்லாம் முதலில் உரக்குழியைப் பார்ப்பேன், பதிவேட்டைப் புரட்டுவேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். சிலந்தி வலை இருக்கிறதா, மண்புழு எச்சம் இருக்கிறதா, இலையில் பூச்சி கடித்த ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருதரம் பண்பொழிக்குப் பக்கத்தில் ஒருவர் தன் கத்தரித் தோட்டத்தைப் பெருமையாகக் காட்டினார். ஒரு காயில் சொத்தை கிடையாது, ஒரு இலையில் ஓட்டை கிடையாது. நான் அசந்துபோய் நின்றேன். மேடம் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இத்தன சுத்தமா இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைக்கோலைத் தள்ளிப் பார்த்தால் மருந்து டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அந்த மனுஷன் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாதிரி எடுக்கிற முறையையும் அவரிடம்தான் படித்தேன். கையைச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். புதுக் கையுறை. தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல மரங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, ஒன்றாகக் கலந்து, மூன்று பங்கு வைக்க வேண்டும். ஒன்று லேபுக்கு, ஒன்று விவசாயிக்கு, ஒன்று எங்கள் அலமாரிக்கு. நூல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்து, அதன் மேல் விவசாயி கையெழுத்துப் போட வேண்டும். அரக்கு காய்கிறவரை யாரும் பேசக் கூடாது என்பது மேடம் வைத்த சட்டம். எதற்கென்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

காதர் மைதீன் எனக்கு அறிமுகமானது இந்த வேலையில்தான். அச்சன்புதூர்க்காரர். வெகுகாலம் வளைகுடாவில் ஒரு குடோனில் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து நிலம் வாங்கி முருங்கை போட்டார். காய்க்காகப் போட்டதல்ல, இலைக்காக. இலையைக் காயவைத்துப் பொடியாக்கினால் வெளிநாட்டில் மருந்துக்கடையில் விற்பதுபோல் விற்கிறார்கள். அதற்குச் சான்று வேண்டும். சான்றுக்கு மூன்று வருஷம் மாற்றுக் காலம். அந்த மூன்று வருஷமும் ரசாயனம் எதுவும் தொடாமல் இருந்து காட்ட வேண்டும். முதல் வருஷம் கம்பளிப்புழு வந்து மரங்களை மொட்டையடித்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மருந்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தும் காதர் பாய் வாங்கவில்லை. தீப்பந்தம் கட்டிப் புழுவைப் பொசுக்கினார். "நம்ம பேரை நம்பி ஒருத்தன் வாயில போடுதான் சார். அதுல வெஷம் இருந்தா மறுமையில நான்ல பதில் சொல்லணும்" என்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. மற்றவர்களுக்கு உதாரணம் காட்டவே அவர் தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவேன்.

அவர் கொட்டகையில் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். காலையில் வந்து, காய்ந்த இலையைக் காம்பிலிருந்து உருவி, புடைத்து, தூசி தட்டி மூட்டை கட்டுவார்கள். உச்சிப்பொழுதுக்குள் போய்விடுவார்கள். மேற்பார்வை பேச்சியம்மா. நாற்பது வயது இருக்கும், எடுத்தெறிந்து பேசுவாள், வேலையில் புலி. மூன்றாம் வருஷம் நான் போனபோது அவர்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் இலையைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு சுத்தமா வெளைய வச்சிட்டு பிளாஸ்டிக்கிலயா போடுதிய? வீட்டுல சுளகு இல்லையா?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் முறத்தைச் சுளகு என்போம். "இருக்கு சார், எல்லாரு வீட்லயும் இருக்கு" என்றாள் பேச்சியம்மா. "அப்போ அதைக் கொண்டுவாங்க" என்றேன். மறுமாதம் எட்டுப் பேரும் சுளகில் புடைத்தார்கள். 'பாரம்பரியச் சுளகு பயன்பாடு, பாராட்டுக்குரியது' என்று ஆய்வறிக்கையில் எழுதினேன். அந்த வரி இப்போதும் அலுவலகக் கோப்பில் என் கையெழுத்தோடு இருக்கும்.

மாற்றுக் காலத்தில் மண்ணையும் தண்ணீரையும் பச்சை இலையையும்தான் சோதித்திருந்தோம். எல்லாம் சுத்தம். மூன்று வருஷம் முடிந்து சான்றும் கொடுத்தபின், முதன்முதலாக ஏற்றுமதிக்கான காய்ந்த இலையில் மாதிரி எடுத்து அனுப்பினேன். முடிவு வந்த உறையை நான் அலட்சியமாகத்தான் கிழித்தேன். அதில் 'நிக்கோட்டின்' என்று இருந்தது. அனுமதித்த அளவுக்குப் பல மடங்கு மேலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிக்கோட்டின் என்றால் புகையிலை. புகையிலையைக் கொதிக்கவைத்துப் பூச்சிக்குத் தெளிப்பது நம் பக்கத்துப் பழைய கைவைத்தியம். இயற்கைதானே என்று பலரும் கேட்பார்கள். செடியில் விளைந்தாலும் விஷம் விஷம்தான், ஏற்றுமதிச் சரக்கில் அது கூடவே கூடாது. ஆக, காதர் பாய் மூன்று வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறார், நான்தான் மடையன்போல் ஊர் முழுக்க அவர் பெருமை பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று முடிவுகட்டினேன். அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு அச்சன்புதூருக்குப் போனேன்.

"என்ன பாய், பொகயிலைத் தண்ணி எப்போ அடிச்சிய?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் தாளை நீட்டியதும் சிரிப்பு நின்றது.

"அல்லா மேல ஆணையா இல்ல சார். நான் பீடி சிகரெட்டே தொடாதவன்."

"லேப் பொய் சொல்லுமா?"

"லேபு சொல்லுறது எனக்குத் தெரியாது சார். நான் அடிக்கல."

"ஒங்கள நம்பி நான் தலை குனிஞ்சு நிக்கேன்" என்று கத்தினேன். பெண்கள் எல்லாரும் உருவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து சான்றை நிறுத்திவைக்கும் நோட்டீசை எழுதினேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அச்சன்புதூர் கடைத்தெரு முழுக்க அவருக்குப் 'பொகயிலை பாய்' என்று பெயர் விழுந்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போனால்கூடக் கேலி பண்ணுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

காதர் பாய் மேல்முறையீடு போட்டார். மேடம் நேரில் வந்தார்.

முதலில் தோட்டத்துக்குள் போய்த் தன் கையாலேயே இலை பறித்து, அங்கேயே நிழலில் வெள்ளைத் துணி விரித்து உலர்த்த ஏற்பாடு செய்தார். அந்தத் துணிப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு கொட்டகையில் இருக்கிற இலையைப் பார்க்க வந்தார். வாசல் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பார், தும்மினார். மறுபடி தும்மினார். நாலாவது தும்மலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"இங்க யாருங்க மூக்குப்பொடி போடறது?" என்று கேட்டார் மேடம்.

"யாரும் இல்ல மேடம்" என்றேன் நான். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.

"அப்படீங்களா? நெடி அடிக்குதே."

பேச்சியம்மாதான் சொன்னாள். "அது பீடித் தூளுல்லா மேடம். நாங்க மத்தியானத்துக்கு மேல வீட்டுல பீடி சுத்துதோம். இந்தச் சுளகுல வச்சித்தான் சுத்துவோம். சார்தான் கொண்டுவரச் சொன்னாவ."

சுளகை மடியில் வைத்து, அதில் பீடி இலையையும் தூளையும் பரப்பிக்கொண்டு பெண்கள் சுற்றுவதைப் பார்க்காத தெரு எங்கள் பக்கத்தில் கிடையாது. எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். என் அக்கா செண்பகம்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பீடி சுற்றி என்னை டிப்ளமோ படிக்க வைத்தாள். அந்தத் தூள் நெடியில்தான் நான் பாடம் படித்தேன், தூங்கினேன், வளர்ந்தேன். பொள்ளாச்சிக்காரர் வாசலிலேயே தும்முகிறார், எனக்கு அது வெறும் காற்றாக இருந்திருக்கிறது. மூன்று வருஷம் அந்தக் கொட்டகைக்குள் போய் வந்தும் எனக்கு உறைக்கவில்லை. அதற்கு மேல், அந்தச் சுளகைக் கொண்டுவரச் சொன்னதும் நான்.

மேடம் என்னைத் திட்டவில்லை. என் பழைய அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து, 'பாராட்டுக்குரியது' என்ற இடத்தில் பென்சிலால் மெல்லக் கோடு போட்டுவிட்டு மூடிவைத்தார். திட்டியிருக்கலாம்.

இரண்டு மாதிரிகளும் போயின. துணியில் உலர்ந்த இலையில் ஒன்றுமில்லை. கொட்டகை இலையில் நிக்கோட்டின். காதர் பாய் அடிக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒங்க வேலையைப் பாத்திய சார்" என்றார். டீ வந்தது. ஆனால் முன்னைப்போல் அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, இன்றுவரைக்கும்.

சான்று திரும்ப வேண்டுமென்றால் தவறு சரியாகியிருக்க வேண்டும். புதுத் தட்டு வந்தது. சோப்பு வந்தது. கையுறை வந்தது. கையுறை போட்டுக்கொண்டு அவ்வளவு சின்ன இலையைக் காம்பிலிருந்து உருவ முடியவில்லை என்று கழற்றிவிட்டு, மூன்று தடவை கை கழுவி வேலை பார்த்தார்கள். மறுபடி மாதிரி எடுத்தேன். அளவு குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. கழுவிக் கழுவியும் போகாத அளவுக்கு அது அவர்கள் தோலில் ஊறியிருக்கிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். ஆனாலும் ஆய்வாளன் எழுத வேண்டிய வரி ஒன்றுதான் மிச்சம். 'பீடி சுற்றும் தொழிலில் உள்ளவர்களை இலை கையாளும் பணியில் அமர்த்தக் கூடாது.' என் கையால் எழுதினேன்.

"இந்த ஊர்ல பீடி சுத்தாத பொம்பளய நான் எங்கன போயி சார் தேடுவேன்?" என்று கேட்டார் காதர் பாய். கடைசியில் இலை உருவுகிற மெஷின் ஒன்றை வரவழைத்தார். அதை ஓட்ட ஒரு ஆள் போதும்.

விதிப்படி, வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். எட்டுப் பேரையும் கொட்டகையில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேச்சியம்மா கேட்டாள்.

"எலயில எம்புட்டு இருந்துச்சு சார்?"

"ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு லாரி இலைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போனாலே ஆகாதும்பாங்க."

"அதைத் திங்கவங்க தெனம் திங்காவளா?"

"ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன். தண்ணியில கலக்கிக் குடிப்பாங்க."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது. "எங்கையில பட்ட எலயை ஒரு ஸ்பூன் குடிச்சா அவங்களுக்கு ஆகாது. நான் இந்தக் கையால தெனம் சோறு பெசஞ்சி எம்பிள்ளைக்கு ஊட்டுதேன். அதை எந்த லேபுக்கு சார் அனுப்புவிய?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மண்ணுக்கு ஒரு கட்டம், தண்ணீருக்கு ஒரு கட்டம், இலைக்கு ஒரு கட்டம், மூட்டைச் சாக்குக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அவள் கேட்டதை எழுத இடமில்லை. மேடத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அவரும் மேலே எழுதினார். அது எங்கள் துறை சார்ந்ததல்ல என்று பதில் வந்தது. பேச்சியம்மா அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். மறுமாதம் காதர் பாய்க்குச் சான்று திரும்பக் கிடைத்தது. எங்கள் மாவட்டத்தில் அதைவிடச் சுத்தமான இலை கிடையாது என்று இப்போதும் அடித்துச் சொல்வேன்.

கையெழுத்து வாங்கிய அன்று எனக்கு நேராக வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "என்னலே, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு? இரு, சோறு போடுதேன்" என்றாள். எப்போதும்போல் சட்டியிலிருந்து கையாலேயே சோற்றை அள்ளி என் தட்டில் வைக்க வந்தாள். அந்த விரல்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவற்றின் நிறம் என் கண்ணில் பட்டது.

"கையக் கழுவிட்டுப் போடேன்க்கா" என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையில் இருந்த சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, புறவாசலுக்குப் போய்ச் சோப்புப் போட்டு நெடுநேரம் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, அலமாரியைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்தாள்.

வீட்டில் மற்ற எல்லாருக்கும் அக்கா இன்னும் கையால்தான் சோறு அள்ளி வைக்கிறாள். எனக்கு மட்டும் அன்றிலிருந்து கரண்டி.